குளம் தேடாத தவளை: தேற்றாத்தீவிலிருந்து சில குறிப்புகள்

மட்டக்களப்பின் தேற்றாத்தீவில் கிழக்கே நடந்தாலும் மேற்கே நடந்தாலும் சிறிது நேரத்தில் உப்புநீர் வந்துவிடும். கிழக்கே கடல், மேற்கே வாவி. இரண்டுக்கும் நடுவில் கிடக்கும் மணல்தான் மழைநீரைப் பிடித்து வைத்திருக்கிறது. மணலுக்குள் இறங்கும் மழைநீர் உப்புநீரைவிட அடர்த்தி குறைந்தது. அதனால் அடியிலுள்ள உப்புநீரின் மேல் அது மிதந்து நிற்கிறது. எங்கள் கிணறுகளும் மிளகாய்த் தோட்டங்களும் பக்கத்துக் களுதாவளையின் வெற்றிலைத் தோட்டங்களும் அந்த மெல்லிய நன்னீரை நம்பியே இருக்கின்றன.

தவளைகளும் அதை நம்பித்தான் இருக்கின்றன. தவளை வாயால் தண்ணீர் குடிப்பதில்லை. அடிவயிற்றுத் தோலை ஈரத்தில் பதித்து உறிஞ்சிக்கொள்கிறது. நீரை உள்ளே விடும் அதே தோல், உப்பு மிகுந்த இடத்தில் உடலின் நீரை வெளியே விட்டுவிடும். கடலும் வாவியும் இவ்வளவு பக்கத்தில் இருந்தும் எங்கள் தவளைகளுக்கு அவற்றால் பயனில்லை. வானத்திலிருந்து விழுவதும் மண் பிடித்து வைப்பதும் மட்டுமே அவற்றின் நீர்.

*

ஐப்பசிக் கடைசியில் வாடைக்காற்றோடு முதல் பெருமழை இறங்கிய இரவில் கேட்பவை:

வளவு மூலையிலிருந்து, மண்ணுக்கடியில் யாரோ முனகுவதுபோன்ற அடித்தொண்டைக் குரல். முதுகில் செம்பழுப்புப் பட்டைகள் கொண்ட, உருண்டையான உடல்காரன் இவன். பின்னங்கால்களால் மண்ணைத் தள்ளித் தள்ளிப் பின்புறமாகவே நிலத்துக்குள் இறங்கிக் கோடை முழுவதும் புதைந்திருப்பான். தொட்டால் ஊதிக்கொள்வான்.

வயல்வெளிப் பக்கம் போனால், விரல் நுனியளவே உள்ள கூர்வாய்த் தவளைகளின் இடைவிடாத கரகரப்பு. இவ்வளவு சிறிய உடலிலிருந்து இவ்வளவு பெரிய சத்தம் வருவது ஒவ்வொரு மாரியிலும் வியப்புத்தான். இவற்றில் ஒன்று, மிகிந்தலையின் பெயரால் 2016இல்தான் தனி இனமாக விவரிக்கப்பட்டது. அதுவரை இந்தியாவிலுள்ள இன்னோர் இனத்தோடு சேர்த்தே எண்ணப்பட்டு வந்தது. தினமும் காலடியில் கத்திய ஒன்றுக்கு அறிவியலில் தனிப்பெயர் கிடைக்க அத்தனை காலம் எடுத்திருக்கிறது.

குளியலறைச் சுவரில் கோடையெல்லாம் ஒட்டிக் கிடந்த பழுப்பு மரத்தவளை இப்போது வெளியே போய்விட்டது. தண்ணீர்த் தொட்டியின் விளிம்பிலோ, குட்டைக்கு மேல் சாய்ந்த கிளையிலோ வெள்ளை நுரைக்கூடு கட்டும். முட்டைகள் நுரைக்குள் இருக்கும். சில நாட்களில் வாற்பேய்கள் நுரையைக் கரைத்துக்கொண்டு கீழே தண்ணீரில் விழும்.

மூன்றுக்கும் பொதுவானது ஒன்று. மழை தேங்கிய நீர் வேண்டும். வாற்பேய் நீந்தி, தின்று, கால் முளைத்துக் கரையேறும்வரை அந்த நீர் வற்றாமல் இருக்க வேண்டும்.

*

பள்ளிக்கூடப் புத்தகத்தில் நாம் எல்லோரும் படித்த தவளையின் வாழ்க்கை வட்டம் இதுதான். முட்டை, வாற்பேய், கால் முளைத்த வாற்பேய், தவளை. பரீட்சைக்குப் படம் வரைந்து பெயரும் குறித்திருக்கிறோம்.

இந்த நாட்டின் தவளை இனங்களில் பாதிக்கு மேற்பட்டவை அந்தப் படத்தில் அடங்காதவை. இலங்கையில் ஏறத்தாழ 120 ஈரூடகவாழி இனங்கள் உள்ளன. அவற்றில் பத்தில் எட்டுக்கு மேற்பட்டவை இந்தத் தீவைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லை. அந்த 120இல் ஏறத்தாழ எழுபத்தைந்து இனங்கள் புதர்த் தவளைகள். சூடோபைலோட்டஸ் என்ற ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை. பெரும்பாலானவை கட்டைவிரல் நகத்தளவிலிருந்து இரண்டு விரலகலம்வரைதான் வளரும். நீரில் நீந்தும் வாற்பேய்ப் பருவம் இவற்றுக்கு இல்லை.

*

எப்படிப் பிறக்கின்றன என்பதை விரிவாக எழுதிவைக்க வேண்டும். கேட்பவர்கள் நம்புவதில்லை.

மழை பெய்து காட்டுத்தரை நன்றாக நனைந்த பிறகு ஆண்கள் புதர்களில் ஏறியிருந்து கத்துகின்றன. பெண் வந்து சேர்கிறது. ஆணை முதுகில் சுமந்தபடியே இறங்கி, இலைச்சருகுக்குள் ஈரமான இடம் பார்த்துச் சிறு குழி தோண்டுகிறது. அதில் முட்டைகளை இட்டதும் பின்னங்கால்களால் மண்ணோடு புரட்டிக் கலக்கிறது. ஒவ்வொரு முட்டையைச் சுற்றியும் மண் ஒட்டிக்கொள்கிறது. பிறகு குழியை மூடி, மேலே சருகு வருமாறு செய்துவிட்டுப் போய்விடுகிறது. மண் பூசிய முட்டை உலர்வதற்கு நேரமெடுக்கும். கண்ணிலும் படாது.

முட்டையின் மஞ்சட்கரு உடலளவுக்கு மிகப் பெரிது. குஞ்சு வளர்ந்து முடியும்வரைக்குமான உணவு முழுவதும் அதற்குள் இருக்கிறது. குளத்துத் தவளை ஆயிரக்கணக்கில் முட்டையிட்டு மீதியைத் தண்ணீரிடம் விட்டுவிடும். இது சில பத்து முட்டைகள் மட்டும் இட்டு ஒவ்வொன்றிலும் நிறையக் கட்டி அனுப்புகிறது. முட்டைக்குள்ளேயே வால் தோன்றி, மெல்லிய இரத்தக்குழாய்களோடு விரிந்து, மூச்சுக்கு உதவி, பொரிக்கும் காலம் நெருங்கும்போது சுருங்கிவிடுகிறது. கால்களும் உள்ளேயே முளைக்கின்றன. சில வாரங்களில் முட்டையைக் கிழித்துக்கொண்டு வருவது முழுத்தவளை. அரிசிமணியை ஒத்த சிறிய உடல். வந்த நாளிலேயே தாவும்.

மலைநாட்டின் மிக ஈரமான காடுகளில் ஒன்றிரண்டு இனங்கள் குழியும் தோண்டுவதில்லை. இலையின் அடிப்பக்கத்தில் முட்டைகளை ஒட்டிவைக்கின்றன. அங்கே காற்றிலேயே அந்தளவு ஈரம் இருக்கிறது.

*

இந்த வாழ்க்கைக்கு ஆதாயம் உண்டு. குட்டை வற்றுமா என்ற கவலை இல்லை. மீன் தின்னும், தும்பியின் குஞ்சு தின்னும் என்ற பயமில்லை. நீர்நிலை இல்லாத மலைச்சரிவிலும் பாறையிடுக்கிலும் குடியேறலாம். இலங்கையின் காடுகளில் இந்த ஒரே குலம் இவ்வளவு இனங்களாகப் பிரிந்து பரவியதற்கு இதுவே முக்கியக் காரணம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

அதன் மறுபக்கமும் அதே அளவு பெரிது. சாதாரணத் தவளைக்குக் காட்டை வெட்டினாலும் ஒரு குளம் மிஞ்சினால் ஓரளவு போதும். புதர்த் தவளைக்குக் குளம் ஆயிரம் இருந்தும் பயனில்லை. அதற்கு வேண்டியது தரையின் ஈரம். தரையின் ஈரத்தைக் காப்பது சருகு. சருகைத் தருவதும் அதன்மேல் வெயில் படாமல் மறைப்பதும் மரம். மரம் போனால், வெயில் நேரே விழும் சில நாட்களுக்குள் மண்ணுக்குள் இருக்கும் முட்டை காய்ந்துவிடும்.

எங்கள் பகுதியில் நீரைப் பற்றிப் பேசும்போது குளத்தைப் பற்றியே பேசுகிறோம். உன்னிச்சை எத்தனை அடி நிற்கிறது, நவகிரி வான் பாய்கிறதா, முகத்துவாரம் வெட்டியாயிற்றா என்பவைதான் மாரிக்காலப் பேச்சு. வேளாண்மை செய்யும் ஊருக்கு அது நியாயம். ஆனால் நீர் நிற்கும் இடங்களில் காட்டின் தரையும் ஒன்று. அதை அளக்க அடிக்கோல் இல்லை. அங்கே எவ்வளவு நீர் இருக்கிறது என்பதற்குச் சாட்சி இந்தச் சிறு தவளை.

*

புதர்த் தவளை என்றால் சிங்கராஜ வனமும் ஹோர்ட்டன் சமவெளியும் என்றுதான் பொதுவாக நினைக்கிறோம். எங்கள் உலர் வலயத்துக்கும் பங்கு உண்டு.

ஒன்று, சூடோபைலோட்டஸ் ரீஜியஸ். பொலன்னறுவைப் புதர்த் தவளை என்று அழைக்கப்படுகிறது. 2005இல் கெலும் மனமேந்திர ஆராச்சியும் ரொஹான் பெத்தியாகொடவும் ஒரே கட்டுரையில் 27 புதிய புதர்த் தவளைகளை விவரித்தார்கள். அவற்றில் இதுவும் ஒன்று. ஆண் 2 சென்ரிமீற்றரை ஒட்டிய அளவு, பெண் சற்றுப் பெரிது. இன்னொன்று, 1927இலேயே பெயர் பெற்ற ஃபெர்குசோனியானஸ். அளவில் பெரியது. பாறைப் பிளவுகளிலும் மரங்களிலும் வாழும், சில வேளை வீடுகளுக்குள்ளும் வரும். ஈர வலயத்தின் தாழ்நிலங்களிலும் இருக்கிறது.

ரீஜியஸ் இனப்பெருக்கம் செய்வதை ஆய்வாளர்கள் கண்டு 2007இல் பதிவு செய்த இடம் மொனராகலை மாவட்டத்து நில்கல. கல்லோயாப் படுகையின் மேல்பகுதிக் காடு அது. மருத்துவ மூலிகைகளுக்குப் பேர்போன புல்வெளிக் காடு. எங்கள் வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையிலிருந்து தென்மேற்கே பார்த்தால் அந்தத் திசைதான். இந்தத் தவளை எங்கோ வேற்று நாட்டு அதிசயம் அல்ல. எங்கள் மழையிலேயே, எங்கள் மாரியிலேயே பிறப்பது.

*

உலர் வலயத்தில் வாற்பேய் இல்லாத தவளை எப்படிப் பிழைக்கிறது?

மட்டக்களப்பில் ஆண்டு மழையில் பெரும்பங்கு ஐப்பசி முதல் தை வரையான சில மாதங்களில் கொட்டித் தீர்ந்துவிடும். அதன்பின் கச்சான் காற்றும் வெயிலும். ஈரக்காட்டுத் தவளை ஆண்டு முழுவதும் செய்யக்கூடியதை எங்கள் தவளை அந்தச் சில மாதங்களுக்குள் செய்து முடிக்க வேண்டும். கத்துவதும் இணைவதும் முட்டையிடுவதும் குஞ்சு பொரிப்பதும் எல்லாம் மாரிக்குள். மீதிக் காலத்தை மரப்பொந்திலும் பட்டையிடுக்கிலும் கல்லடியிலும் ஒடுங்கிக் கழிக்க வேண்டும்.

மாரி பிந்தினாலும், நடுவில் நீண்ட வெயில் வைத்தாலும், வெள்ளாமைக்காரருக்கு வரும் அதே கவலை இதற்கும் வருகிறது. கண்ணகை அம்மனை மழைக்கு வேண்டி வடசேரி தென்சேரி எனப் பிரிந்து கொம்புமுறி விளையாட்டு நடத்திய ஊர்கள் இவை. எங்கள் கொம்புச்சந்திப் பிள்ளையாரின் பெயரிலேயே கொம்பு இருக்கிறது. மழையை எதிர்பார்த்திருப்பது எப்படி என்று இந்தப் பக்கத்து மனிதருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

*

பாக்கு நீரிணை பனிக்கட்டி யுகங்களில் பலமுறை வற்றி நிலமாகியிருக்கிறது. இராமேசுவரத்திலிருந்து மன்னாருக்கு நடந்து வந்திருக்கலாம். யானை வந்தது, சிறுத்தை வந்தது. அப்படியிருந்தும் மேற்குத் தொடர்ச்சி மலையின் தவளைகளும் இலங்கையின் தவளைகளும் பெரும்பாலும் வேறு வேறு இனங்கள். 2004இல் பொசுயிட் முதலானோர் ‘சயன்ஸ்’ ஆய்விதழில் மரபணுச் சான்றோடு இதைக் காட்டினார்கள். பாலம் இருந்தும் கடக்க முடியவில்லை. இரண்டு ஈரமலைகளுக்கும் நடுவே விரிந்து கிடந்தது காய்ந்த சமவெளி. உப்புநீர் தடுக்காத காலத்திலும் வெயில் தடுத்தது.

சிலர் கடந்திருக்கிறார்கள். சூடோபைலோட்டஸ் பேரினம் இலங்கையில் பல்கிப் பெருகியது. அதில் ஒரு சிறு கிளை திரும்பவும் இந்தியாவுக்குப் போய்ச் சேர்ந்தது. அந்தக் கிளையில் வந்த ஒன்றுக்கு, அகத்தியமலைக் காணிக்காரப் பழங்குடியினரின் நினைவாகக் காணி என்று 2009இல் பெயரிட்டார்கள். பொதிகையில் கத்தும் அந்தத் தவளையின் மூதாதை இந்தத் தீவிலிருந்து போனது.

*

பொதிகை என்றதும் இதையும் குறிக்க வேண்டும். தமிழ்நாட்டின் களக்காடு முண்டந்துறைக் காட்டில், புதர்த் தவளையின் நெருங்கிய உறவான ரவோர்செஸ்டஸ் சலசோடெஸ் வாழ்கிறது. 1876இல் குந்தர் என்ற அருங்காட்சியக விலங்கியலாளர் விவரித்த பிறகு நூறாண்டுக்கு மேலாக யாரும் பார்த்ததாகப் பதிவில்லை. 2011இல் திரும்பக் கிடைத்ததாக அறிவித்தார்கள்.

2014இல் சேஷாத்ரி குழுவினர் அது பிறக்கும் இடத்தைச் சொன்னார்கள். உயிரோடு நிற்கும் ஈற்றை மூங்கிலின் கணுக்களுக்கு இடையே, பூச்சியோ கொறிவிலங்கோ போட்ட சிறு துளை இருக்கும். தவளை உடலை ஒடுக்கிக்கொண்டு அந்தத் துளை வழியே உள்ளே நுழைகிறது. முட்டைகள் மூங்கிலுக்குள். ஆண் கூடவே இருந்து காவல் காக்கிறது. குஞ்சுகள் தவளையாகவே வெளியே வருகின்றன. உலகில் அதுவரை அறியப்படாத இனப்பெருக்க முறை அது.

அந்த ஈற்றையைக் கூடை முடையவும் காகிதம் செய்யவும் வெட்டுவார்கள். எந்த மாதத்தில் வெட்டுகிறோம் என்பது ஒரு தவளைத் தலைமுறையைத் தீர்மானிக்கிறது. காட்டைக் காப்பதென்றால் வேலி போடுவது மட்டும் அல்ல என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியவில்லை. எது, எப்போது, எதற்குள் பிறக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும்.

*

மலைநாட்டுக் கணக்கு வேதனையானது.

1830களிலிருந்து கோப்பிக்காக மலைகளை வெட்டினார்கள். 1869இல் கோப்பி இலைநோய் கண்டது. கோப்பி அழிந்த இடங்களில் தேயிலை ஏறியது. இன்னும் மேலே இருந்த காடுகளும் போயின. தமிழகத்திலிருந்து கொண்டுவரப்பட்ட மக்கள் அந்தச் சரிவுகளில் உயிரைக் கொடுத்து உழைத்தார்கள். அந்த உழைப்புக்கான நியாயம் இன்றுவரை முழுமையாக அவர்களுக்குக் கிடைக்கவில்லை. காட்டை வெட்டும் முடிவு அவர்களுடையது அல்ல. அது தோட்டத்துரைமாரும் அரசும் எடுத்த முடிவு.

அதே காலத்தில் கெலாட் என்ற மருத்துவர், மேலே சொன்ன குந்தர் போன்றோர் இங்கிருந்து கிடைத்த தவளைகளுக்குப் பெயரிட்டு வந்தார்கள். பல மாதிரிகள் லண்டன் அருங்காட்சியகத்துப் போத்தல்களில் சேர்ந்தன. ஒருபக்கம் காடு குறைந்தது, இன்னொருபக்கம் போத்தல் கூடியது.

1990களில் பெத்தியாகொடவும் கூட்டாளிகளும் தீவின் காடுகளைச் சல்லடை போட்டுத் தேடினார்கள். 2002இல் மீகஸ்கும்புர முதலானோர் ‘சயன்ஸ்’ இதழில் எழுதிய கட்டுரை, அதுவரை யாரும் எண்ணாத அளவு தவளைகள் இங்கே இருப்பதை உலகுக்குச் சொன்னது. ஏறத்தாழ 750 சதுர கிலோமீற்றர் மழைக்காடுதான் மிஞ்சியிருக்கிறது என்பதையும் சேர்த்துச் சொன்னது. இவ்வளவு சிறிய இடத்தில் இவ்வளவு இனங்கள்.

போத்தலில் இருந்த பலவற்றைக் காட்டில் காணவில்லை. 2004இன் உலக மதிப்பீட்டில் முற்றாக அழிந்ததாகப் பதிவான ஈரூடகவாழிகள் 34. அவற்றில் பாதிக்கு மேற்பட்டவை இலங்கையைச் சேர்ந்தவை. இந்த ஒரு வரியை எழுதிவிட்டு வெகுநேரம் வேறெதுவும் எழுத முடியவில்லை.

*

திரும்பி வந்தவர்கள் பட்டியல். இதையும் எழுதினால்தான் மனம் ஆறும்.

விண்மீன் புள்ளிகள் கொண்ட ஸ்டெல்லேட்டஸ் புதர்த் தவளை. 1853இல் கெலாட் விவரித்தார். 2009இல் சிவனொளிபாதமலைக் காட்டில் மெண்டிஸ் விக்கிரமசிங்க குழுவினர் கண்டார்கள். இடையே 156 ஆண்டுகள்.

ஹைப்போமெலாஸ். 1876இல் பெயர் பெற்றது. அதே மலைக்காட்டில் மீண்டும் கிடைத்ததாக 2013இல் அறிவிப்பு.

கண்டிக் குறுந்தேரை. 1872இல் குந்தர் விவரித்தது. அழிந்ததென்று எழுதப்பட்ட பின் 2009இல் உயிரோடு கண்டு, 2012இல் அறிவித்தார்கள். புதர்த் தவளை அல்ல, வேறு குடும்பம். ஆனாலும் அதே மலை.

மூன்றும் ஒரே மலைத்தொடரில் கிடைத்தது தற்செயல் அல்ல. அங்கே காடு வெட்டப்படாமல் நின்றது. பௌத்தரும் இந்துக்களும் முஸ்லிம்களும் கிறித்தவர்களும் புனிதமாகக் கருதும் மலை அது. சரிவுகள் செங்குத்தானவை. காரணம் பக்தியோ செங்குத்தோ, நிழல் கலையாத இடத்தில் இவை உயிரோடு இருந்தன. அந்தக் காடு 2010இல் மத்திய மலைநாட்டு உலக மரபுரிமையின் பகுதியாகவும் ஆகியது.

இந்தப் பட்டியலைக் காட்டி “பார்த்தீர்களா, எதுவும் அழியவில்லை” என்று சொல்லிவிடக் கூடாது. திரும்பிக் கிடைத்தவை மிகக் குறுகிய இடங்களில், மிகக் குறைந்த எண்ணிக்கையில் இருக்கின்றன. ஒரு மண்சரிவோ ஒரு தீயோ போதும்.

*

நுணலும் தன் வாயால் கெடும் என்பது பழமொழி. உயிரியல் இதை ஒப்புக்கொள்கிறது. கத்தும் ஆண் பெண்ணை மட்டும் அழைப்பதில்லை. பாம்பும் வௌவாலும் அந்தக் குரலைப் பின்தொடர்ந்து வரும். நுரையீரலிலிருந்து காற்றைக் குரல்நாண்கள் வழியே தொண்டைப்பைக்குத் தள்ளி, வாயை மூடியபடியே மீண்டும் மீண்டும் கத்துவதற்கு ஏராளமான சக்தியும் செலவாகிறது. இத்தனை ஆபத்துக்கும் செலவுக்கும் பிறகும் அது கத்துகிறது. கத்தாவிட்டால் அந்தக் குலம் அடுத்த மாரியைக் காணாது.

குரல் இனத்துக்கு இனம் வேறு. பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும் புதர்த் தவளைகளைப் பிரித்தறிய ஆய்வாளர்கள் உடலளவோடும் மரபணுவோடும் குரலையும் பார்க்கிறார்கள். ஊர்க்காரருக்கு இது நல்ல செய்தி. தவளையைப் பிடிக்காமலேயே கணக்கெடுக்கலாம். காது போதும்.

*

மட்டக்களப்பைச் சத்தத்தால் அறிந்தவர்கள் உண்டு. நிலாக்காலத்தில் வாவிக்குள்ளிருந்து எழும் இசையை 1840களில் கேட்ட பிரித்தானிய அதிகாரி எமர்சன் டெனன்ட் அதை எழுதிவைத்தார். பாடும் மீனை மாவட்டத்தின் அடையாளமாகவே ஏற்றுக்கொண்டுவிட்டோம். தண்ணீருக்குள் எது பாடுகிறது என்று இவ்வளவு அன்போடு காதுகொடுத்த மக்கள், தரையிலும் புதரிலும் எது பாடுகிறது என்றும் கேட்க வேண்டும் என்பது என் ஆசை. ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீண்ட வாவிக்கு நீர் அனுப்புவதே மேற்கிலுள்ள அந்தக் காடுகள்தான்.

*

படுவான்கரைக்கு அப்பால், குடும்பிமலைப் பக்கமும் தெற்கே கல்லோயாவை நோக்கியும் நிற்கும் காடு வெளியாருக்கு வெறும் பற்றைக்காடாகத் தெரியலாம். பாலை, வீரை, முதிரை, கருங்காலி, தேற்றா. ஆற்றங்கரையில் மருது. நடுவே திடீரென்று எழும் மொட்டைப் பாறைகள். கோடையில் காட்டின் மேல்தலை காய்ந்து நிற்கும். ஆனால் பாலைமரத்தின் கீழே குனிந்து சருகைக் கிளறினால் அடியில் இன்னும் குளிர்ச்சி இருக்கும். மருதமர நிழலில் ஆறு வற்றிய பின்னும் மணல் ஈரமாக இருக்கும். பாறைப் பிளவில் காலைப்பனி தங்கியிருக்கும். உலர் வலயத் தவளை அறிந்த வரைபடம் இதுதான். குளங்களின் வரைபடம் அல்ல, நிழல்களின் வரைபடம்.

அந்த நிழல்களுக்கு என்ன நடக்கிறது என்றும் எழுத வேண்டும்.

சேனைக்காக எரிக்கும்போது மரத்தோடு சருகும் போகிறது. முன்பு ஒரு துண்டை எரித்துப் பயிரிட்டு நீண்டகாலம் விட்டுவைத்தார்கள், காடு திரும்பி வந்தது. இப்போது அந்த இடைவெளி சுருங்கிவிட்டது.

கருங்கல்லுக்காகப் பாறை உடைக்கும்போது பிளவுகள் போகின்றன. வீதி போடவும் வீடு கட்டவும் கல் வேண்டும், அதை மறுக்க முடியாது. எந்தப் பாறை, எந்தக் காடு என்ற கேள்வியாவது கேட்கப்பட வேண்டும்.

இயற்கைக் காட்டை எடுத்துவிட்டுத் தேக்கு நட்டால் வரைபடத்தில் பச்சை குறையாது. ஆனால் தேக்கு கோடையில் இலை உதிர்த்து நிலத்தை வெயிலுக்குத் திறந்துவிடும். காய்ந்த பெரிய சருகு எளிதில் தீப்பிடிக்கும். மரத்தின் எண்ணிக்கை ஒன்றாக இருந்தாலும் தரையின் ஈரம் ஒன்றல்ல.

*

வயலையும் மறந்துவிடக் கூடாது. அங்கே இருப்பவை வாற்பேய் வழிவரும் தவளைகள், அவற்றுக்கு வேறு ஆபத்து.

பேராதனை ஆய்வாளர்கள் 2010இல் வெளியிட்ட ஆய்வொன்றில், இலங்கைக்கே உரிய மரத்தவளை ஒன்றின் வாற்பேய்களைக் குளோர்பைரிபோஸ், டைமெத்தோயேற்று, கிளைபோசேற்று, புரோப்பனில் ஆகிய நான்கு வேளாண் இரசாயனங்களுக்கு உட்படுத்திப் பார்த்தார்கள். நீண்டகாலம் அந்த நீரில் வளர்ந்தவற்றில் வளர்ச்சி பிந்தியது, உடற்குறைபாடுகள் தோன்றின. இந்தப் பெயர்களெல்லாம் எங்கள் பக்கத்துக் கடைகளில் கேட்டுப் பழகியவை.

வெள்ளாமைக்காரரைக் குற்றம் சொல்வது எளிது. கடன் எடுத்து விதைத்தவருக்குப் புல்லும் பூச்சியும் உயிர்ப்பிரச்சினை. ஆனால் பூச்சி தின்னும் தவளையையே கொல்லும் மருந்து, அடுத்த போகத்தில் இன்னும் மருந்து கேட்கும். தேவையான அளவு, தேவையான நேரம், வாய்க்காலில் தெளிப்பான் கழுவாமை. இவை மூன்றையும் கமக்காரர் அமைப்புகளில் மீண்டும் மீண்டும் பேச வேண்டும்.

*

2023இல் ‘நேச்சர்’ இதழில் வந்த இரண்டாவது உலக மதிப்பீடு 8,011 ஈரூடகவாழி இனங்களை ஆராய்ந்தது. 40.7 விழுக்காடு அழிவை எதிர்நோக்குகிறது. முதுகெலும்பு உள்ள விலங்குகளில் இவ்வளவு ஆபத்தில் வேறெந்த வகுப்பும் இல்லை. முன்பு வாழிட அழிவும் நோயும் முதன்மைக் காரணங்களாக இருந்தன. இப்போது காலநிலை மாற்றமும் பெரிய காரணமாகச் சேர்ந்துவிட்டது.

மண்ணுக்குள் முட்டையிடும் தவளைக்குக் காலநிலை மாற்றம் என்பது மாரியின் நடுவே வரும் நீண்ட வெயில். குளத்தில் நீர் இருக்கும்போதே சருகு காய்ந்துவிடும். மேலே செல்லவும் உலர் வலயத்தில் போதிய உயரமான மலை இல்லை. தப்பிக்க இருக்கும் ஒரே இடம் அடர்ந்த நிழல்.

*

செய்யக்கூடியவை. பெரிய திட்டம் எதுவும் வேண்டாத, எங்கள் கையில் உள்ளவை:

கோயில் வளவுகளிலும் குளக்கட்டுக்குக் கீழேயும் நிற்கும் பழைய மரச்சோலைகளின் தரையைக் கூட்டாமல் விடுவது. முன்றிலைக் கூட்டலாம். பின்புறத்து மரத்தடியில் சருகு கிடக்கட்டும். கூட்டி எரித்தால்தான் துப்புரவு என்ற எண்ணம் மாற வேண்டும்.

ஆற்றோர மருதமரங்களைத் தொடாமல் விடுவது. காட்டுத் துண்டுகளுக்கு இடையே தவளை நடந்து போகக்கூடிய ஈரமான பாதை ஆற்றங்கரை ஒன்றுதான்.

தோட்ட வேலிகளை முழுவதும் கம்பியாகவும் மதிலாகவும் மாற்றாமல் உயிர்வேலியாக வைத்திருப்பது.

பள்ளிக்கூடத்தில் தவளையின் வாழ்க்கை வட்டம் படிப்பிக்கும்போது இரண்டு படங்கள் வரைவது. குளத்தில் பிறக்கும் தவளைக்கு ஒன்று, மண்ணில் பிறக்கும் தவளைக்கு ஒன்று. இரண்டாவது படம் இந்த நாட்டுப் பிள்ளைகளின் சொந்தச் சொத்து. எல்லா நாட்டுப் பிள்ளைகளாலும் அதைத் தங்கள் காட்டில் பார்த்து வரைய முடியாது.

*

கைத்தொலைபேசியில் குரல் பதிவு செய்ய விரும்பும் பிள்ளைகளுக்காக:

மழை விட்டு இருட்டிய பிறகு போங்கள். பெரியவர் ஒருவர் கூட வரவேண்டும். சப்பாத்து போடுங்கள், பாம்பும் அதே நேரத்தில்தான் வெளியே வரும். யானை நடமாடும் பக்கம் போகவே வேண்டாம். வெளிச்சத்தைத் தரையில் வையுங்கள், தவளையின் கண்ணில் அடிக்காதீர்கள். பிடிக்காதீர்கள். கையில் பூசிய நுளம்பு மருந்தே அதன் தோலுக்குள் போய்விடும். கல்லையோ மரக்கட்டையையோ புரட்டினால் இருந்தபடியே திரும்ப வையுங்கள்.

குரலைக் கொஞ்ச நேரம் பதிவு செய்து, அதன் முடிவில் உங்கள் குரலிலேயே திகதி, நேரம், இடம், அன்று மழை பெய்ததா, தவளை தரையில் இருந்ததா செடியில் இருந்ததா, பக்கத்தில் தேங்கிய நீர் உண்டா என்று சொல்லுங்கள். கடைசிக் கேள்வி முக்கியம். நீரே இல்லாத இடத்தில், இடுப்பளவுச் செடியில் இருந்து கத்தும் சிறு தவளையானால் புதர்த் தவளையாக இருக்க வாய்ப்பு உண்டு. வந்தாறுமூலைக் கிழக்குப் பல்கலைக்கழகத்தில் விலங்கியல் துறை இருக்கிறது. ஆசிரியர் வழியாக அந்தப் பதிவுகளை அங்கே கொண்டுபோய்க் கொடுக்கலாம்.

மலைநாட்டில் எண்ணத் தொடங்குமுன்பே பல இனங்கள் போய்விட்டன. கிழக்கின் காடுகளில் எது எங்கே கத்துகிறது என்பதை, காடு நிற்கும்போதே எழுதிவைக்கும் வாய்ப்பு எங்களுக்கு இருக்கிறது. எந்தப் பாறையை உடைக்கலாம், எந்த ஆற்றங்கரையை விட்டுவைக்க வேண்டும் என்று நாளை பிரதேச செயலகத்தில் பேச்சு வரும்போது, “இங்கே இன்ன தவளை இருக்கிறது, இன்ன திகதியில் பதிவு செய்தோம்” என்று சொல்ல ஓர் ஊர்ப்பிள்ளை எழுந்து நிற்க வேண்டும். அதற்கான பதிவுகளை வரும் மாரியிலேயே தொடங்குவோம்.